அடிக்குரல் எட்டினால் பேஸ் ஆகிவிடுமா?

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் ஓபரா கேட்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்காதீர்கள். ஒட்டுக்கடை மேசை ஒன்றை நிரப்ப ஆள் உண்டு. தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது கைப்பேசியில் ரஷ்ய ஓபராப் பாடகர் ஷாலியாப்பினைப் போட்டுவிடுவார்கள். "அண்ணே, இது பேஸ் இல்லலா, பாரிட்டோன்" என்பார் ஒருவர். "கீழ எவ்வளவு தூரம் எறங்குறார், கேட்டியா தம்பி?" என்பார் மற்றவர். ஆண்குரல்களில் அடிவகை பேஸ், அதற்கு மேல் பாரிட்டோன், அதற்கும் மேல் டெனர். அதோடு பேச்சு முட்டி நின்றுவிடும். இருவருமே கிணற்றின் ஆழத்தை மட்டும் அளக்கிறார்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

நம் சங்கீதத்தில் இந்தச் சண்டைக்கு வேலையே இல்லை. பாடகர் தன் சாரீரத்துக்குத் தோதான கட்டையை, அதாவது ஸட்ஜம் நிற்கும் சுருதியை, வைத்துக்கொள்வார், சுருதிப் பெட்டி அவரைப் பின்தொடரும். ஓபராவில் பெரும்பாலும் எழுதிய சுருதி எழுதியதுதான். குரல்தான் அதற்குப் பொருந்த வேண்டும். பேஸ், பாரிட்டோன், டெனர் என்ற பிரிவுகளுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு வந்தது அதனால்தான்.

கட்டைக் கணக்கில் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடும். ஆண்குரலுக்கு 1 கட்டை என்றால் நடு ஸட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ். மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் முதல் தார (மேல் ஸ்தாயி) பஞ்சமம் வரை புழங்கினால் 98 முதல் 392 வரை. பாரிட்டோனின் வீச்சு கிட்டத்தட்ட இதேதான். ஸட்ஜத்தை 4 கட்டைக்கு ஏற்றினால் அதே புழக்கம் 131 முதல் 523 வரை, அது டெனர். ஸட்ஜத்தை 110 ஹெர்ட்ஸுக்கு, அதாவது பெண்கள் பாடும் 6 கட்டைக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் 82 முதல் 330 வரை; அதுதான் பேஸ். பாரிட்டோனுக்கும் பேஸுக்கும் இடையே வெறும் மூன்று ஸ்வரஸ்தானம், கீபோர்டில் வெள்ளை கறுப்பு சேர்த்து மூன்று கீ தூரம். தூங்கி எழுந்ததும் குரல்நாண்கள் வீங்கித் தடித்திருக்கும்போது பலருக்கு இந்தத் தூரம் தானாகவே கிடைத்துவிடும். சளி பிடித்தாலும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு எடுத்த ஒலிப்பதிவைச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம், பதினைந்து நிமிடம் குரலைப் பதப்படுத்திய பிறகு. 61 கீ உள்ள கீபோர்டில் ஆக்டேவ், டிரான்ஸ்போஸ் இரண்டும் பூஜ்யத்தில் இருக்கட்டும். இடது கோடி கீ 65.4 ஹெர்ட்ஸ். அங்கிருந்து மூன்றாவது வெள்ளைக் கீ 82.4, பேஸின் தரைமட்டம் என்று பொதுவாகச் சொல்வது அதைத்தான். 1 கட்டை ஸட்ஜத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக இறங்குங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் "ஆ" என்று நான்கு விநாடி பிடித்து, மெதுவாகத் தொடங்கி வலுவாக்கி மறுபடி குறைக்க வேண்டும். வலுவாக்க முடியாத ஸ்வரம் கணக்கில் சேராது. தவளை மாதிரி "கிர்ர்" என்று வருவதும் சேராது. அது குரல்நாண் தளர்ந்து துடிப்பது. இருபது மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்தி, பாடிய சொல் புரிகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான "பேஸ்"கள் இந்த இருபது மீட்டரில் பாரிட்டோனாகத் திரும்பி வருவார்கள்.

குளியலறையில் சோதிக்கவே கூடாது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் இருந்தால் அறை 87 ஹெர்ட்ஸில் தானாக அதிரும். மொஸார்ட்டின் "மாயப் புல்லாங்குழல்" ஓபராவில் (1791) சராஸ்ட்ரோ என்ற பேஸ் பாத்திரத்துக்கு எழுதிய கீழ் எஃப் (F) ஸ்வரம் அதே 87 தான். அந்த அளவு அறையில் யார் பாடினாலும் சராஸ்ட்ரோதான்.

சராஸ்ட்ரோவின் கீழ் எஃப், 1 கட்டைக்காரருக்கு மந்தர சுத்த மத்தியமம். ஐஸிஸ், ஒஸைரிஸ் தெய்வங்களை வேண்டும் அவருடைய பாட்டில் மொஸார்ட் வயலின்களைப் பேசாமல் வைத்துவிட்டு வயோலா, பாஸெட் ஹார்ன், டிராம்போன் கூட்டத்தோடு குரலைத் தனியாக விடுகிறார். அடிக்குரல் மூழ்கக்கூடாது என்ற கரிசனம். 1782-ல் பேஸ் பாடகர் லுட்விக் ஃபிஷருக்காக இன்னொரு ஓபராவில் ஒஸ்மின் பாத்திரத்தை எழுதியபோது அதற்கும் கீழே, 73 ஹெர்ட்ஸ் டி (D) ஸ்வரத்துக்கு இறங்கினார். வாத்தியங்களை ஒத்துவைக்கும் அன்றைய சுருதி இன்றைய 440 ஹெர்ட்ஸைவிடத் தாழ்வு என்பதால் ஃபிஷர் உண்மையில் இன்னும் ஆழமாகவே போயிருப்பார். வெர்டியின் "ரிகொலெட்டோ"வில் (1851) கூலிக்கொலைகாரன் ஸ்பாராஃபுச்சீலே தன் பெயரையே சொல்லிக்கொண்டு இருட்டில் விலகிப் போகிறான். கடைசி அசை அதே கீழ் எஃபில் நீண்டு தேய்கிறது. கத்தத் தேவையில்லை, ஆனால் அசையக்கூடாது. பல பாரிட்டோன்களுக்கு அந்த ஸ்வரம் எட்டும். எட்டினாலும் அது குரலாக இல்லாமல் மூச்சாகத்தான் வரும்.

சரி, அடியை விடுங்கள். குரலின் ஜாதகம் இருப்பது மேலே, அது திரும்பும் இடத்தில்.

1 கட்டை ஸட்ஜத்திலிருந்து "ஆ" என்று ஏறுங்கள். ஒரு இடம்வரை பேசுகிற குரலே போதும். அதற்கு மேல், தூரத்து நிரையில் பால் மரம் சீவுகிறவரைக் கூப்பிடுவதுபோல் குரலைத் தள்ள வேண்டிவரும். அதுதான் முதல் திருப்பம். இன்னும் நாலைந்து ஸ்வரஸ்தானம் ஏறினால் கூப்பிடும் குரலும் தாங்காது. உடையும், அல்லது கள்ளக்குரலுக்குத் தாவும். அது இரண்டாம் திருப்பம். பேஸுக்கு இவை ஏறக்குறைய 220, 294 ஹெர்ட்ஸில், அதாவது தைவதத்திலும் தார ரிஷபத்திலும் வரும். பாரிட்டோனுக்கு நிஷாதம், தார காந்தாரம். டெனருக்கு தார ரிஷபம், தார பஞ்சமம். ஆளுக்கு ஆள் ஒரு ஸ்வரஸ்தானம் முன்பின் இருக்கும். அதற்கு மேல் விலகினால் வகையை மறுபடி யோசிக்க வேண்டியதுதான்.

பயிற்சி பெற்ற பாடகர் உடையவிடமாட்டார். இரண்டாம் திருப்பம் நெருங்கும்போது "ஆ"வைச் சற்று "ஓ" பக்கமாக மூடிக்கொள்வார். ஒலிப்பதிவில் காது வைக்க வேண்டியது இங்கேதான். தார ரிஷபத்திலேயே மூடுகிறவர் பேஸ். காந்தாரம் வரை திறந்தே போகிறவர் எவ்வளவு கறுப்பாக ஒலித்தாலும் பாரிட்டோன்தான் என்பது என் கட்சி.

நடுவில் நிற்பவர்களும் உண்டு. பிஸேயின் "கார்மென்" (1875) காளைச் சண்டை வீரன் எஸ்கமியோவின் பாட்டு 117 ஹெர்ட்ஸ் கீழ் பி ஃபிளாட்டையும் கேட்கும், 349 ஹெர்ட்ஸ் மேல் எஃபையும் கேட்கும். பாரிட்டோனுக்குக் கீழ்ப்பகுதி காற்றாகும், பேஸுக்கு மேல்பகுதி கழுத்தை நெரிக்கும். வாக்னரின் ஓபராப் பாத்திரமான வோட்டானுக்கும் பிரின் டெர்ஃபல் போன்ற பேஸ்-பாரிட்டோன்களைத் தேடுவது இதே காரணத்தால். நேரெதிர்க் கோடியில் ரஷ்யத் தேவாலயக் கூட்டுப்பாடகர்கள்: ராக்மனினோவின் 1915-ஆம் ஆண்டு இரவு வழிபாட்டு இசையில் 58 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறார்கள். ஆனால் அது கூட்டத்தில் கலந்து பாடுவது. மைக் இல்லாமல் முழு வாத்தியக் கூட்டத்தைத் தாண்ட அடி ஸ்வரம் உதவாது. 2,400–3,000 ஹெர்ட்ஸ் பக்கம் குரலில் இருக்கும் வெண்கல மணியோசைதான் அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்.

இனி அந்த ஷாலியாப்பின் வழக்கு. 1925-க்கு முந்தைய இசைத்தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. 74-ல் பதிவானதை 78-ல் சுழற்றினால் கிட்டத்தட்ட ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். பேஸைப் பாரிட்டோனாக்கிக் காட்ட அதுவே தாராளம். போதாததற்குக் கைப்பேசி ஒலிபெருக்கி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஊமை. அடி ஸ்வரத்தை மேலடுக்கு ஓசைகளிலிருந்து நம் மூளைதான் ஊகித்துக்கொள்கிறது. சுருதி காட்டும் செயலியும் இதிலேயே ஏமாந்து ஒரு ஸ்தாயி கூட்டிக் காட்டும். காதொலிப்பான் போடுங்கள், கீபோர்டோடு ஒத்துப் பாருங்கள். ஷாலியாப்பின் பெயர் வாங்கியது "போரிஸ் கொதுனோவ்" ஓபராவில்; மாஸ்னே 1910-ல் "தொன் கிஷோத்"தை அவருக்காகவே எழுதினார்; பாரிட்டோனுக்கு உரிய "டீமன்" பாத்திரத்தையும் அவர் பாடியிருக்கிறார். என் தீர்ப்பு: பேஸ்தான், ஆனால் மேல்தளத்தில் குடியிருக்கும் பேஸ். சராஸ்ட்ரோவுக்கான ஆள் அல்ல.

உங்கள் பஜனைக் குழுவில் அப்படி ஒரு கனத்த சாரீரம் இருந்தால், இருபது வயதில் பெயர் சூட்டிவிடாதீர்கள். இவ்வகைக் குரல் முப்பதைத் தாண்டித்தான் நிலைகொள்ளும். 1 கட்டையில் பாடவைத்துத் தார பஞ்சமத்தில் கத்தவிடவும் வேண்டாம். ஹார்மோனியத்தைப் பெண்களுக்கேற்ற 6-ல் வைத்து, அவரை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுங்கள். மைக் உதட்டை ஒட்டினால் அடி ஓசை வீங்கிச் சொல் குழம்பும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்கட்டும். எக்கோவை அணைத்து, ஆம்பிளிஃபயரில் பேஸ் குமிழைக் குறைத்து, டிரெபிளைச் சற்றே ஏற்றுங்கள்.