மாமரத்தடிப் பந்தி

எட்டாம் திருவிழாக்காரருக்கும் ஒன்பதாம் திருவிழாக்காரருக்கும் நடந்த மேளப் போட்டியை மட்டும் எழுதிப்போடாதே, இரண்டு பகுதியாரும் இப்போது ரொறன்ரோவில் சம்பந்திகள் என்று எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க்குழுவில் இருக்கும் நண்பர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். அவர் பயப்பட வேண்டாம். நான் எழுத வந்தது எங்கள் பள்ளிக்கூடச் சங்கீத மாஸ்டரைப் பற்றி. ஆனால் மேளத்தை விட்டுவிட்டு மாஸ்டரைப் பற்றி எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தொண்ணூறைத் தாண்டிய வயதில் அவர் காலமான செய்தி வந்தபோது, சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "இசைமேதை", "ஒப்பற்ற ஆசான்" என்று எழுதியவர்களில் பாதிப்பேர் சங்கீதத்துக்குத் தப்பிச் சித்திரம் எடுத்தவர்கள். இருக்கட்டும்.

1970களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழா இரவுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொடியேறிவிட்டால் வீட்டுப்பாடம் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு நாள் திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரர் இரண்டு கூட்டு நாதஸ்வர தவில் மேளம் பிடித்தால் அடுத்தவர் நாலு கூட்டுப் பிடிப்பார். இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி என்று மேளகாரரின் ஊர்ப் பெயர்களை நோட்டீசில் பெரிய எழுத்தில் போடுவார்கள். உபயகாரரின் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும். சின்னமேளம் என்ற சதிராட்டம் ஓய்ந்துபோயிருந்த காலம். திருவிழா முடிவில் வரும் பூங்காவனத்துக்கு இளைஞர்கள் கோஷ்டி பிடித்துப் பொப் பாட்டுப் பாடவைத்தார்கள். சின்னமணியின் வில்லுப்பாட்டு என்றால் அயல் ஊர்ச் சனமும் பாயோடு வந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலே மேளம் இருந்தது. தெட்சணாமூர்த்தியின் தவில் எந்தக் கோயிலில் என்று கேட்டு, பாருக்கு ஒருவரும் கரியருக்கு ஒருவருமாக மூன்றுபேர் ஒரு சைக்கிளில் போன காலம் அது. என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்காகப் படிப்பைக் குழப்பியவர்கள் இந்தச் சங்கத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், ஒருவர் டொக்டர்.

சாமி கிழக்கு வாசலில், புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியோடு வெளிக்கிட்டு, தெற்கும் மேற்கும் சுற்றி வடக்கு வீதிக்கு வர நடுச்சாமம் ஆகிவிடும். அங்கேதான் சமா, சாமியை நிறுத்திவைத்து நடக்கிற மேளக் கச்சேரி. சாமி காவினவர்கள் வாகனத்தை இறக்கிவைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டு மணலில் குந்துவார்கள். மேளகாரர் வட்டமாக நிற்பார்கள். பெண்கள் பக்கத்தில் பிள்ளைகள் நித்திரை. ஆண்கள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு நிற்பார்கள். தோடி தொடங்கிவிட்டால் கச்சான் விற்கிற ஆச்சிகூடக் கடதாசிச் சுருள் சுற்றுவதை நிறுத்திவிடுவா. ஒரு மணித்தியாலம் ஒரே இராகம். யாரும் அசையமாட்டார்கள். பிறகு தவிற்காரர் நாலுபேரும் ஆளுக்காள் விட்டுக்கொடுக்காமல் தனி வாசிப்பார்கள். விடியப் போகிற நேரத்தில் பின்னுக்கிருந்து யாராவது, பாம்பாட்டி மெட்டைக் கேட்டு, "மகுடி!" என்று கத்துவார்கள். அதை எதிர்பார்த்துத்தான் மற்றவர்கள் எழும்பாமல் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

அந்த இரவுகளில் மாஸ்டர் எங்களை முன்வரிசையில் நிற்க விடமாட்டார். "முன்னுக்கு நிண்டா அவன்ரை கையைத்தான் பாப்பாய்" என்பார். விடாமல் சுருதி ஊதுகிற ஒத்துக்காரருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் இருத்துவார். பல குழுக்கள் அதற்குள் சுருதிப்பெட்டிக்கு மாறிவிட்டன. ஒத்து ஊதுகிற குழு வந்தால் அவருக்குத் தனிச் சந்தோஷம். "முதலிலை ஒத்தைக் கேள். அது காதுக்குள்ளை இருக்கட்டும். பிறகு மற்றதைக் கேள்." தனி தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். திஸ்ரம், கண்டம் என்று தவில் எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று எங்களில் ஒருவனுடைய தொடையில் தட்டி, "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்பார். ஆதிதாளத்தின் எட்டு அட்சரத்தில் எத்தனையாவதில் நிற்கிறோம் என்று உடனே சொல்ல வேண்டும். விரலைப் பார்த்துச் சொன்னால் பிடித்துவிடுவார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துச் சங்கீதபூஷணம் எடுத்தவர். வேட்டி, நாஷனல் என்கிற நீளச் சட்டை, கக்கத்தில் குடை. வகுப்பில் நாங்கள் மாயாமாளவகௌளையில் சரளிவரிசையைக் கொலைசெய்துகொண்டிருக்கும்போது அவருடைய வலக்கை விரல்கள் மேசை ஓரத்தில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். தகப்பன் தவில், தம்பி தவில். இவர் ஒருவரைத்தான் தகப்பன் தவிலைத் தொடவிடாமல் படிக்க அனுப்பினார் என்று ஊரில் சொல்வார்கள். அவரைக் கேட்டால், "எனக்குத் தோள் பலமில்லை" என்று சிரிப்பார். வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைக்கு எங்களை ஆயத்தப்படுத்தியது அவருடைய உத்தியோகம். எங்களில் பாட்டுக்காரர் யாரும் உருவாகவில்லை. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. வடக்கு வீதியில் அசையாமல் நிற்கக்கூடிய நாலுபேர் கிடைத்தால் போதும் என்று நினைத்தார்போல.

இனி அந்தப் பரிசளிப்பு விழா. எந்த வருடம் என்று எழுதவில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும்.

கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர் பிரதம விருந்தினர். அவரை வாசலிலிருந்து மண்டபம்வரை மேளத்தோடு கூட்டிவர வேண்டும் என்று விழாக்குழு தீர்மானித்தது. மாஸ்டரிடம் சொல்ல, அவர் தம்பியின் குழுவை ஒழுங்குசெய்தார். காசு வாங்காமல் வந்தார்கள். வெயிலில், தார் றோட்டில் நின்று மல்லாரி வாசித்து, பூரண கும்பத்துக்குப் பின்னால் விருந்தினர் மெல்ல நடக்க, முன்னுக்குப் போனார்கள். மேளத்தை நிறுத்துங்கள் என்று யாரோ கையைக் காட்டும்வரை வாசித்தார்கள். பிறகு பேச்சுகள். பிறகு பரிசு. பிறகு சாப்பாடு.

விருந்தினருக்கும் ஆசிரியர்களுக்கும் விஞ்ஞானகூடத்தில் மேசை போட்டிருந்தது. மேளகாரருக்கு மாமரத்தடியில் பாய். எந்தக் கடதாசியிலும் எழுதியிராத ஏற்பாடு அது. எழுதாமலே எல்லோருக்கும் விளங்கியது. சாப்பாட்டுக்குப் பொறுப்பாக நின்ற பெரியவர், வைகாசித் திருவிழாவில் இதே தம்பியாருடைய கழுத்தில் தங்கப் பதக்கம் போட்டவர். அவருடைய தவிலைக் கேட்டுக் கண் கலங்கி, சால்வையால் முகத்தைத் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்ல மாட்டேன். பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இந்த விஷயம் இத்தனை வருடம் உறுத்தியிருக்காது.

"மாஸ்டர், உங்களுக்கு உள்ளுக்கை போட்டிருக்கு. அவை அதிலை இருக்கட்டும்" என்றார் பெரியவர், மரியாதையாகத்தான்.

"ஓம், ஓம்" என்றார் மாஸ்டர். குடையை மண்டபச் சுவரில் சாத்தினார். செருப்பைக் கழற்றினார். நாஷனலைக் கசங்காமல் முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டு, பாயின் கடைசியில், தம்பிக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தார்.

சாம்பார் வாளி என்னுடைய கையில். தம்பியார் வலக்கை விரல்களிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பழைய பவுடர் ரின்னுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பசையும் துணியும் இறுகிக் கல்லாகிப்போன கூடுகள், ரின்னுக்குள் விழும்போது ஒவ்வொன்றும் சத்தம் போட்டது. கழற்றிய விரல் நுனிகள் வேர்வையில் வெளிறிச் சுருங்கியிருந்தன. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தார். மாஸ்டருடைய இலையில் நான் சாம்பார் விட்டபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "காணும்" என்று மட்டும் சொன்னார். விஞ்ஞானகூட யன்னலில் இரண்டு மூன்று முகங்கள் தெரிந்து மறைந்தன. யாரும் வெளியே வரவில்லை. யாரும் அவரை மறுபடி உள்ளே கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரிந்திராது.

அடுத்த நாள் சங்கீத பாடம் வழக்கம்போல நடந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பரிசளிப்பு விழாவுக்கும் விழாக்குழு மேளம் கேட்கும். ஒவ்வொரு முறையும் தம்பிக்கு அன்றைக்கு வேறு எங்கோ கச்சேரி இருக்கும். மாஸ்டர் மிகவும் வருத்தப்பட்டுச் சொல்வார். கடைசியில் பாண்ட் வாத்தியம் வாங்கினார்கள். அந்தப் பாண்டில் ட்ரம் அடித்தவர் எங்கள் இன்றைய பொருளாளர். பள்ளிக்கூடத்தின் நவீனமயமாக்கல் என்று போன மலரில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

1975 இல் தெட்சணாமூர்த்தி போய்விட்டார். அதோடு ஏதோ முடிந்துபோனதாக ஊரில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மேளம் முடியவில்லை. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள்தான் ஒவ்வொருவராகக் கிளம்பினோம். 1984 இல் சொல்லிக்கொள்ளப் போனபோது மாஸ்டர் தேத்தண்ணி தந்தார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "அங்கத்தைக் குளிருக்குச் சீவாளி வெடிச்சுப்போகுமாம், மெய்தானோ?" என்று கேட்டார். நாதஸ்வரத்தில் செருகி ஊதுகிற சீவாளியைத்தான் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மெய்தான் என்று அவருக்கு எழுதியிருக்கலாம். இங்கே பனிக்காலத்தில் சீவாளியை எப்படிப் பாதுகாப்பது என்பது இப்போது இங்குள்ள வித்துவான்களின் பெரிய கவலை.

ஊரடங்குச் சட்டக் காலத்தில் இரவுத் திருவிழா பகலுக்கு மாறியது என்று கேள்விப்பட்டேன். 1990 க்குப் பிறகு மின்சாரமும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது மாஸ்டரும் தம்பியும் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சைக்கிள் கரியரில் தவிலைக் கட்டி உருட்டிக்கொண்டு போனார்களாம். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை. கோயிலில் மறுபடி கொடி ஏறிய வருடம் தம்பியார்தான் வாசித்தார். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. நான் இங்கே இரவு வேலையில் இருந்தேன்.

போர் முடிந்த பிறகு ஊருக்குப் போனேன், மார்கழி விடுமுறையில். வைகாசியில் எனக்கு லீவு கிடைப்பதில்லை என்று எல்லோருக்கும் சொல்லி வந்தேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். வடக்கு வீதிக்குச் சீமெந்துக் கல் பதித்திருந்தார்கள். மணலில் இருக்கத் தேவையில்லை, கதிரை வந்துவிட்டது. மாஸ்டருக்குக் காது மந்தம். ஆளை அடையாளம் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எங்கை நிக்கிறாய்?" என்றார். ஸ்காபரோ என்றேன், சத்தமாக. "அங்கை ஆர் தவில்?" என்றார். நான் இரண்டு பெயர் சொன்னேன். ஒருவர் அவருடைய தம்பியின் மகன். அது அவருக்குத் தெரிந்திருந்தும் முதல் தடவை கேட்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அந்தத் தம்பியின் மகன்தான் இந்த வருடம் எங்கள் கலைமாலையில் விருந்தினரை மேளத்தோடு வரவேற்க இருக்கிறார். விழாக்குழுக் கூட்டத்தில் மேசை ஒழுங்கு வாசித்தார்கள். அனுசரணையாளர், முன்னாள் தலைவர்கள், குடும்ப மேசைகள் எல்லாம் சரி. மேளகாரர் எங்கே என்று கேட்டேன். "அவைக்குப் பார்சல் கட்டிக் குடுக்கலாம், வேறை இடத்துக்கும் போகவேணுமெண்டு சொல்லினம்" என்றார் ஒருவர். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நான் தொலைபேசியில் கேட்டுவிட்டேன்.

ஆகவே மேடைக்குப் பக்கத்தில், என்னுடைய வகுப்புக்காரர் இருக்கும் மேசையில் நாலு இடம் அவர்களுடையது. காசு கட்டியாயிற்று. மல்லாரி சரியாக ஆறு மணிக்கு, சாப்பாடு எட்டரைக்கு. பதினொரு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்றபடியால் தோடி கொஞ்சம் குறுகும். நேரத்துக்கு வந்துசேருங்கள்.