எலிக்குக் கொடுத்தது கஷாயம் இல்லை

வாட்ஸ்அப்பில் எது சுற்றினாலும் நாலு நாளில் எங்கள் கடைக்கு ஆள் வந்துவிடும். திருப்பாதிரிப்புலியூரில் அப்பா வைத்த நாட்டு மருந்துக் கடை, நான் பி.பார்ம் படித்துவிட்டு அதில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை திப்பிலி. "மூளைக் கட்டியைக் கரைக்குமாமே, கால் கிலோ போடும்மா" என்றார் தெரிந்த பெரியவர் ஒருவர். அவர் தம்பி மகனுக்குக் கிளியோபிளாஸ்டோமா, மூளையில் வரும் கடுமையான புற்றுநோய்க் கட்டி. புதுச்சேரியில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறான்.

தகவல் முழுப் பொய்யும் இல்லை. திப்பிலியில் பைப்பர்லாங்குமின் என்றொரு பொருள் உண்டு. இந்தக் கட்டியின் செல்களில் அளவுக்கு மீறி இருக்கும் டிஆர்பிவி2 என்ற புரதத்தை அது முடக்குகிறது என்று 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. எலிகளில் கட்டி ஏறக்குறைய அழிந்தே போனது. சுக்கு, மிளகு, திப்பிலி என்று தினமும் நிறுத்துக் கொடுக்கிறவள் ஆயிற்றே, படித்தபோது எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் அந்த எலிகளுக்கு யாரும் கஷாயம் புகட்டவில்லை. பிரித்தெடுத்த அந்த ஒரு பொருளை மட்டும் ஜெல்லில் ஏற்றி, மூளைக்குள் கட்டி இருக்கும் இடத்திலேயே வைத்தார்கள். அங்கேயே மெல்லக் கசிந்து வேலை செய்தது. வாய்வழி போனால் குடல், கல்லீரல் எல்லாம் தாண்டி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பையும் தாண்ட வேண்டும். எலியின் மூளை அரை கிராம்கூட வராது. நம்முடையது சுமார் 1,400 கிராம். எலியில் ஜெயித்து மனிதரிடம் தோற்ற மருந்துகள் ஏராளம். மனிதரிடம் ஜெயித்த மருந்தும் கொடுத்தது கொஞ்சம்தான்: 2005-ல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதம் ஆனது. இந்த நோயில் அதுவே பெரிய முன்னேற்றம்.

இதையெல்லாம் சொன்னேன். பெரியவர் கேட்டுக்கொண்டார், ஆனால் கை பையை விரித்தபடியே இருந்தது. "சரிம்மா, நல்லது செய்யாட்டி போகுது, கெடுதல் ஒண்ணும் இல்லியே?"

அங்கேதான் சிக்கல். திப்பிலியிலும் மிளகிலும் பைப்பரின் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. சில மருந்துகள் உடலில் சிதைந்து வெளியேறுவதை அது தாமதப்படுத்தும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினின் அளவு ரத்தத்தில் கூடும். கூடினால் தலைசுற்றல், தள்ளாட்டம். மூளைக் கட்டிக்காரர்கள் பலர் வலிப்பு மாத்திரையில் இருப்பவர்கள். தம்பி வீட்டுக்குப் போன் போடச் சொல்லி மாத்திரைப் பெயர்களைப் படிக்கச் சொன்னேன். ஃபெனிடாயின் இருந்தது.

கால் கிலோ வியாபாரம் போச்சு. ரசத்துக்குக் கொஞ்சம் மிளகு போடலாமா என்று கேட்டார். சமையல் அளவுக்குப் பயமில்லை, கஷாயம், சூரணம் என்று எதைத் தொடங்குவதானாலும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம் என்றேன்.