கட்டிக்குள் முளைத்த பல்

உடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களைப் பற்றிய ஆய்வில் இருக்கிறேன் என்றால், மாற்று இதயம், மாற்றுக் கல்லீரல் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். என்னை இந்தத் துறையில் பிடித்து நிறுத்தியதோ டெரடோமா என்ற கட்டி. அதை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரிடத்தில் குருத்தெலும்பு, பக்கத்திலேயே குடலின் உட்சுவர், அதையடுத்து நரம்புத் திசு. சிலவற்றில் முடியும் பல்லும்கூட இருக்கும். உடம்புக்கு வேண்டிய சரக்கு நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை. கருவளர்ச்சியையும் புற்றுநோயையும் தனித்தனிப் பாடமாகப் படித்துவிட்டு வந்தவன் நான். இரண்டும் ஒரே கேள்வி என்று அந்த ஸ்லைடுகள்தான் புரியவைத்தன.

1950களில் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் லெராய் ஸ்டீவன்ஸ் சிகரெட்டின் பாகங்களைச் சுண்டெலிகளில் சோதித்துக்கொண்டிருந்தார். 129 என்ற வகை எலியின் விரையில் இப்படியொரு கட்டி கண்ணில் பட, சிகரெட்டை விட்டுவிட்டுக் கட்டியின் பின்னால் போனார். அவர் போட்ட பாதையில்தான் 1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மாத்யூ காஃப்மனும், சான் பிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டினும் சுண்டெலிக் கருவிலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். இடையில் 1975இல் பியாட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்ஸியும் கட்டியின் செல்லை இளங்கருவுக்குள் வைத்தார்கள். அது இயல்பான எலியின் திசுக்களாக வளர்ந்தது! எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. ஆனாலும் அந்தச் சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் உற்சாகம்தான்.

அன்றாட வேலை மெதுவானது. செல்களுக்கு ஞாயிறும் பொங்கலும் கிடையாது, போய் அவை வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தை மாற்றியே ஆகவேண்டும். நரம்புச் செல்லாக மாற்ற நாங்கள் ரெட்டினாயிக் அமிலம் சேர்ப்போம். வைட்டமின் ஏயிலிருந்து உடல் தானே தயாரிக்கும் பொருள் அது. கரு வளர அது தேவை. ஆனால் கர்ப்பிணிக்கு மருந்தாகப் போனால் குழந்தைக்கு ஊனம் வரலாம்.

அதே அமிலத்தை 1980களில் ஷாங்காயில் வாங் சென்யீ குழுவினர் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். பாதி வளர்ச்சியில் நின்றுபோன செல்கள் முதிர்ந்து, ஆயுள் முடிந்து இறந்தன. இன்று ஆர்செனிக்கோடு சேர்த்துத் தரும்போது பெரும்பாலான நோயாளிகள் குணமாகிறார்கள். மருந்து என்றால் செல்லைக் கொல்வது என்று நினைத்திருந்த எனக்கு, வளரவைத்தும் தீர்க்கலாம் என்பது பெரிய நம்பிக்கை.

குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயும் கருக்காலத்து நரம்புச் செல்களில் தொடங்குவதுதான். கடுமையான வகைக்கு, மற்ற சிகிச்சைகள் முடிந்தபின் இதே குடும்பத்து மருந்தைத் தருகிறார்கள். அங்கே பலன் அந்த அளவுக்கு இல்லை. ஒரே குடும்பத்து மருந்து, அதேபோல் முதிராத செல், பிறகு ஏன் ஒன்று கேட்கிறது, இன்னொன்று கேட்பதில்லை? இப்போது என் வேலை அதில்தான்.