அத்தையின் காதும் நியூயார்க் தந்திப் பள்ளியும்

கிருஷ்ணகிரியில் தந்தியாளராக இருந்து ஓய்வுபெற்ற என் அத்தை, தம் தொழிலைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒன்றையே அழுத்திச் சொல்வார்: “அடிக்கிறது சீக்கிரம் வந்துடும் கண்ணு, வாங்குறதுக்குத்தான் காது பழகணும்.” அச்சொல்லைப் பற்றிக்கொண்டு தந்திப் பயிற்சியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, நியூயார்க்கில் 1869இல் கூப்பர் யூனியன் என்னும் கல்வி நிறுவனம் பெண்களுக்கென நடத்தத் தொடங்கிய இலவசத் தந்திப் பள்ளி என் மனத்தில் நின்றுவிட்டது.

பீட்டர் கூப்பர் என்னும் தொழிலதிபர் 1859இல் நிறுவியது கூப்பர் யூனியன். அதன் தந்திப் பள்ளிக்கு வெஸ்டர்ன் யூனியன் என்னும் தந்தி நிறுவனம் துணைநின்றது. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளமே கொடுக்கப்பட்டதால், இப்பள்ளி தம் கூலியைக் குறைத்துவிடும் என்று ஆண் தந்தியாளர்கள் பலர் வெறுத்தார்கள். குற்றம் சம்பளத்தில் வேற்றுமை காட்டியவர்களுடையதே அன்றி, படிக்க வந்த பெண்களுடையது அன்று என்பதே என் உறுதியான எண்ணம்.

அமெரிக்கத் தந்தி முன்னோடி சாமுவேல் மோர்ஸின் தொடக்கக் கருவி, எழுத்துகளுக்குரிய புள்ளி, கோடு ஆகிய குறிகளைக் காகித நாடாவில் பதித்தது. நாடாவைப் பாராமல் ஓசையைக் கொண்டே செய்தியை வாங்கலாம் என்பதைத் தந்தியாளர்கள் பழக்கத்தில் தாமே கண்டுகொண்டார்கள். அதன்பின் பரவிய ‘சவுண்டர்’ கருவியில், மின்சாரம் வரும்போது நெம்புகோல் கீழே ஒருமுறை தட்டும், நிற்கும்போது மேலே ஒருமுறை தட்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரம் குறுகியிருந்தால் அது புள்ளி, நீண்டிருந்தால் கோடு. ஆகவே மாணவி அளக்கப் பழகியது ஓசையை அன்று, ஓசைகளுக்கு இடையிலுள்ள அமைதியையே. அமெரிக்கக் கம்பிகளில் வழங்கிய குறிமுறை இதை இன்னும் கடினமாக்கியது. அதில் சி, ஆர், எஸ் ஆகிய மூன்று எழுத்துகளுமே மும்மூன்று புள்ளிகள்தாம்: எஸ் எழுத்தில் அவை ஒரே சீராக வரும், சி எழுத்தில் இரண்டாம் புள்ளிக்குப் பிறகும், ஆர் எழுத்தில் முதற்புள்ளிக்குப் பிறகும் சிறு இடைவெளி விழும். அத்தை கற்ற பன்னாட்டு முறையில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சி என்பது கோடு, புள்ளி, கோடு, புள்ளி.

இந்தியாவில் பொதுமக்களுக்கு 1855இல் திறக்கப்பட்ட தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. சென்ற வாரம் அத்தையிடம் அந்த மூன்று எழுத்துகளைப் பற்றிச் சொல்லி, மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். கண்களை மூடிக் கேட்டவர், மறுபடியும் தட்டச் சொன்னார். மூன்றாம் முறை, நான் எழுத்தைச் சொல்லுமுன்பே, “இது ஆர்” என்றார்.