இது எந்தக் காலத்து வெளிச்சம்?

12.8.2025, செவ்வாய்

வெள்ளன நாலே முக்காலுக்கு அலாரம். வெள்ளி, வியாழன் ரெண்டு கிரகமும் இன்னைக்கு ஒட்டி நிக்கும்னு ரீல்ஸ்ல ஓடிக்கிட்டே இருந்துச்சு. செல்லூர் மொட்டை மாடியில ஏறிப் பாத்தா கெழக்கால பளிச்சுனு ரெண்டும் நிக்குது, கையை நீட்டி சுண்டு விரலைக் குறுக்க வச்சா நடுவுல இருக்க இடமே மறைஞ்சுருது. நெசத்துல வியாழன் எத்தனையோ கோடி கிலோமீட்டர் பின்னாடி இருக்கு. போட்டோவ குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன், அடுத்த நிமிஷமே சித்தப்பா வடிவேலு ஸ்டிக்கர். நம்ம மதுரக்காரர் மூஞ்சி இல்லாம எங்க குரூப்ல பொழுதே விடியாது.

14.8.2025

சித்தி மக தெனம் ஒரு பழைய சொல்ல எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பா. இன்னைக்கு 'உடு'. உடுன்னா நட்சத்திரமாம், உடுபதின்னா நிலாவாம். சித்தப்பா கீழ எழுதுறாரு, "உடு, பாத்துக்கலாம்". பஸ்ல தனியா சிரிச்சேன், பக்கத்து சீட்டு அக்கா திரும்பிப் பாத்தாங்க.

ராத்திரி ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் ஒண்ணு வந்துச்சு, 'படைப்பின் தூண்கள்'னு சொல்றாங்களே, தூசியும் வாயுவுமா எழும்பி நிக்கிற மேகம், உள்ளுக்குள்ள புது நட்சத்திரம் பொறந்துக்கிட்டு இருக்கு. அது 6,500 ஒளியாண்டு தூரம், அதாவது அங்கருந்து வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேரவே 6,500 வருஷம் ஆகும். எனக்கு உடனே கீழடிதான் ஞாபகம் வந்துச்சு. அங்க கிடைச்சது கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரைக்கும் போகுது, அப்ப பாத்தா கூட இந்த வெளிச்சம் அதுக்கும் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியே கெளம்பி வந்துக்கிட்டு இருந்திருக்கு, வைகைக் கரையில அந்தச் செங்கச் சுவரு எழும்பி, மண்ணுக்குள்ள போயி, திரும்பத் தோண்டி எடுத்து, நாம மியூசியம் கட்டுற வரைக்கும் அது நடுவழியிலதான். இத குரூப்ல எழுதுனேன். யாரும் ஸ்டிக்கர் போடல, சித்தப்பா மட்டும் "அடுத்தது என்ன"ன்னு கேட்டாரு.

17.8.2025, ஞாயிறு

அலங்காநல்லூர் பக்கம் அப்பத்தா வீடு. இங்க இருட்டு நல்ல இருட்டு. விடியக்காலம் பாதி நிலாவுக்குப் பக்கத்துலயே கார்த்திகைக் கூட்டம், பழைய பேரு அறுமீன். சுமார் 440 ஒளியாண்டு. திருமலை நாயக்கர் மகால் கட்டுறதுக்கு முன்னாடியே பொறப்பட்ட வெளிச்சம்! அப்பத்தாட்ட சொன்னேன், "அம்புட்டு தூரமா வருது"ன்னு கன்னத்துல கை வச்சுக்கிட்டாங்க. இனிமே குரூப்ல இதான் வெளையாட்டு: நட்சத்திரம் பேரச் சொன்னா அது எந்தக் காலத்து வெளிச்சம்னு நான் சொல்லணும்.

24.8.2025

அக்காவுக்குப் பொறந்தநாள். சாயங்காலம் மாடிக்குக் கூட்டிட்டுப் போயி மேக்கால ஆரஞ்சா மின்னுன சுவாதி நட்சத்திரத்தக் காட்டுனேன். 37 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் கம்மி. அக்கா பொறந்தது 88. "நீ தொட்டில்ல கெடக்கும்போது கெளம்புனது, இப்பதான் வந்து சேருது"ன்னேன். கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு.

7.9.2025, ஞாயிறு

முழு சந்திர கிரகணம். ஒம்பது அம்பத்தேழுக்கு ஓரத்துல கருக்க ஆரம்பிச்சு, 11 மணிக்கு முழுசா செவந்து, 12:22 வரைக்கும். தெருவே மொட்டை மாடியிலதான், மேகம் வரப்பல்லாம் "போ போ"ன்னு பிள்ளைக கத்துதுக. பூமியோட காத்து மண்டலம் சூரிய வெளிச்சத்த வளைச்சு விடும்போது நீலம் செதறிப் போயி சிவப்பு மட்டும் நிலா மேல விழுது, அதாவது அந்த நேரத்துல பூமியில எங்கெங்க சூரியன் உதிக்குதோ மறையுதோ அந்தச் செவப்பு எல்லாம் சேந்து அங்க தெரியுது. இத எதுத்த வீட்டுப் பையன்கிட்ட சொன்னேன், அவன் அவங்கம்மாட்ட ஓடிப்போயி சொல்றான். இதுல 'எந்தக் காலத்து வெளிச்சம்' கேக்கவே வேணாம், நிலாவுல இருந்து வர ஒண்ணேகால் செகண்டு சொச்சந்தான்.

11.9.2025

சித்தப்பாவுக்கு 65 வயசு, அவர் வயசுக்குத் தக்க ரோகிணி நட்சத்திரம் குடுத்தாச்சு, அதுவும் 65 ஒளியாண்டு வாக்குலதான். அப்பத்தா போன்ல "ஆத்தி, எனக்கு ஒண்ணும் இல்லையா"ன்னு கேட்டுட்டாங்க. சுதந்திரத்துக்கு மொத வருஷம் பொறந்தவங்க. தேடுனா மகம், சுமார் 79! 19-ம் தேதி வெள்ளிக்கிழம விடியக்காலம் தேய்பிறை நிலா, வெள்ளி, மகம் மூணும் கெழக்கால ஒரே எடத்துல கூடுது. வியாழக்கிழம கடைசி பஸ்ஸப் பிடிச்சு ஊருக்குப் போறேன். சித்தப்பாவும் வாராராம், வடிவேலு ஸ்டிக்கரோட சொல்லியிருக்காரு.