யூகேயிலிருந்து ஏஐக்கு: மீனம்பாக்கம் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 30, 2024, வெள்ளி

தேதி வந்துவிட்டது. சென்னை விமான நிலையத்தில் நாங்கள் வேலை பார்க்கும் விஸ்தாரா நவம்பர் 12 முதல் கிடையாது, எல்லாம் ஏர் இந்தியா. விமான எண்ணில் எங்கள் யூகே போய் அவர்களுடைய ஏஐ வரும். 2022 நவம்பரில் அறிவித்ததிலிருந்து எதிர்பார்த்ததுதான். போட்டி ஆணையம் போன வருஷமே சரி என்றது, சண்டிகரில் உள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஜூனில் சரி என்றது. விஸ்தாராவில் டாடாவின் கூட்டாளியான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவில் செய்யும் முதலீட்டுக்கு மத்திய அரசின் அனுமதி மட்டும் பாக்கி இருந்தது. இப்போது அதுவும் கிடைத்துவிட்டது.

மதிய ஷிஃப்ட் பிரீஃபிங்கில் செய்தியைச் சொன்னேன். புது ஏர் இந்தியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 25.1 சதவீதப் பங்கு, ஒரே பெரிய நிறுவனம் என்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் செக்-இன் கவுன்டர் பெண் ஒருத்தி என் பின்னாலேயே வந்தாள். "மேடம், எனக்கு அஞ்சு வருஷம் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு. கிராஜுவிட்டிக்கு மறுபடி முதல்லேர்ந்தா எண்ணுவாங்க?"

பங்குச் சதவீதத்தை வைத்துக்கொண்டு இவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஒரு நீள நோட்டு வாங்கி அவள் கேள்வியை முதலில் எழுதினேன். பக்கத்தில் அவள் பெயர், பதில் சொல்ல வேண்டிய தேதி.

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று முதல் நவம்பர் 12க்குப் பிறகான பயணத்துக்கு விஸ்தாராவில் டிக்கெட் எடுக்க முடியாது, ஏர் இந்தியாவில்தான். நோட்டில் கேள்விகள் கூடுகின்றன. லீவு பாக்கி, பி.எஃப்., விமான நிலைய நுழைவு பாஸில் கம்பெனி பெயர், பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு, மாமியாரை ஊருக்கு அனுப்ப ஸ்டாஃப் டிக்கெட் கிடைக்குமா என்பது வரை. எதையும் சின்னக் கேள்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் கணக்கு இருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

கிராஜுவிட்டி கேள்விக்கு எச்.ஆரிடமிருந்து எழுத்தில் பதில் வந்துவிட்டது. சர்வீஸ் தொடர்ச்சியாகவே எண்ணப்படும். அவளைக் கூப்பிட்டு மின்னஞ்சலையே காட்டினேன். ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். அவள் அப்பாவுக்கு அனுப்பத்தான்.

இதற்காகவே தொழில் தகராறு சட்டத்தை எடுத்துப் படித்திருந்தேன். 25எஃப்எஃப் பிரிவு: நிறுவனம் கைமாறும்போது தொழிலாளியின் வேலை இடையில் தடைபடக் கூடாது, நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது, பழைய சர்வீஸையும் புது முதலாளி ஏற்க வேண்டும். இந்த மூன்றும் இல்லையென்றால் ஆட்குறைப்புக்கு உரிய இழப்பீடு கொடுத்தாக வேண்டும். ஆட்களை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். "கவலைப்படாதே" என்று தோளில் தட்டுவதைவிட ஒரு பிரிவு எண் அதிகத் தைரியம் தருகிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

எதிர் வீட்டு அண்ணன் இந்தியன் ஏர்லைன்சில் சேர்ந்து ஏர் இந்தியாவில் ஓய்வு பெற்றவர். மாலையில் காபி குடிக்க வந்தார். 2007 ஆகஸ்டில் அந்த இரண்டு நிறுவனங்களையும் இணைத்தார்கள். ஐசி என்ற இந்தியன் ஏர்லைன்சின் பழைய விமானக் குறியீடு போனது 2011 பிப்ரவரியில்தான். மூன்றரை வருஷம்! "கோட் போனப்புறமும் புதுசா யாரைப் பார்த்தாலும், நீ ஐசியா ஏஐயான்னுதான்மா கேட்போம்" என்றார்.

சம்பளமும் பதவி உயர்வும் இரண்டு கணக்காகவே ஓடின. 2011 ஏப்ரல் கடைசியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருஷம் மறுபக்கம். ட்ரீம்லைனர் என்ற புது ரக விமானத்தை ஓட்டும் பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் கொடுப்பதை எதிர்த்து ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் பறக்கவில்லை. இரண்டு பக்கத்து சீனியாரிட்டிப் பட்டியல்களை ஒன்றாக்கும் வழி சொல்ல நீதிபதி தர்மாதிகாரி குழு போட்டதே இணைப்பு நடந்து நான்கு வருஷம் கழித்துத்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. யுனைடெட்டும் கான்டினென்டலும் சேர்ந்தது 2010இல். இரண்டு பக்கத்து விமானப் பணியாளர்களுக்கும் ஒரே ஒப்பந்தம் வந்தது 2016இல். விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பது சுலபம். யார் சீனியர், யாருக்கு எந்த டூட்டி என்பது தீரும்வரை இணைப்பு நடந்துவிட்டதாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

பழைய ஏர் ஏஷியா இந்தியா இன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்துவிட்டது. அடுத்தது நாம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கவுன்டர் கம்ப்யூட்டர்களுக்கும் பிரின்டர்களுக்கும் சந்தனம், குங்குமம். ஏர் இந்தியா கவுன்டர்காரர்களையும் கூப்பிடலாம் என்று நம் பையன்களே சொன்னார்கள். வந்தார்கள். பொரி, சுண்டல் எல்லாம் ஆனபிறகு, அவர்கள் பக்கத்து சீனியர் ஒருவர் என்னைத் தனியே கேட்டார்: "மேடம், உங்க ஆளுங்க வந்தா எங்க மார்னிங் ஷிஃப்ட் போயிடுமா?"

இவ்வளவு நாளும் பயம் நம் பக்கம்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பதில் இன்னும் தெரியாது என்றும், 25ஆம் தேதிக்குள் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

அக்டோபர் 25, வெள்ளி

ஷிஃப்ட் பற்றி இன்னும் முடிவாகவில்லை. முடிவாகவில்லை என்பதையே அந்த ஏர் இந்தியா சீனியரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன தேதியில் வந்தீர்களே என்றார். அடுத்த தேதி நவம்பர் 20.

நவம்பர் 11, திங்கள்

கடைசி யூகே நாள். காலையிலிருந்து பயணிகள் கவுன்டரோடு படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2015 ஜனவரி 9இல் தொடங்கிய பயணம். பிரீஃபிங்கில் அழுதவர்களை அழ விட்டேன். "பழசை மறந்துடுங்க" என்று இந்த நேரத்தில் சொல்வது எனக்குப் பிடிக்காது. நல்ல வேலை செய்த இடத்துக்காக ஒரு நாள் அழலாம்.

அப்புறம் பயிற்சி. யூகே போய் ஏஐ, பழைய எண்ணுக்கு முன்னால் ஒரு 2. யூகே 955 இனி ஏஐ 2955. நள்ளிரவு ஷிஃப்ட் முழுவதும் இதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். இரவு 10 மணிக்கு மேல் தோஹாவிலிருந்து மும்பைக்கு, 2இல் தொடங்கும் புது எண்ணோடு முதல் ஏஐ விமானம் கிளம்பியதாகச் செய்தி.

நவம்பர் 12, செவ்வாய்

விஸ்தாரா டிக்கெட்டோடு முதல் மாதத்தில் பயணம் செய்யப்போகிறவர்கள் நாடு முழுக்க 1,15,000க்கு மேல். அவர்களில் ஒரு பெரியவர் அச்சிட்ட தாளை நீட்டி, "என் ஃப்ளைட்டையே காணோமேம்மா" என்றார். அந்த கிராஜுவிட்டிப் பெண்தான் கவுன்டரில் இருந்தாள். பேனாவை எடுத்து யூகேயை அடித்தாள், ஏஐ என்று எழுதினாள், எண்ணுக்கு முன்னால் 2 போட்டாள். "அதே விமானம்தான், உள்ளே அதே பணியாளர்கள்தான், அதே நேரத்துக்குக் கிளம்பும் சார்." அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. அவள் அவசரப்படவில்லை.

நவம்பர் 20, புதன்

ஷிஃப்ட் முடிவு வந்துவிட்டது. இரண்டு பக்க ஆட்களும் ஒரே ரோஸ்டரில், சுழற்சி முறையில். ஏர் இந்தியா சீனியருக்கு மாதத்தில் சில காலை ஷிஃப்டுகள் குறையும். எச்.ஆர். சொல்லித் தெரிந்துகொள்ள விடாமல், நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பெண்ணை டியூஷனில் கொண்டுபோய் விடுவது அவர்தானாம். எந்தக் கிழமைகள் என்று கேட்டேன். செவ்வாய், வியாழன். டிசம்பர் ரோஸ்டர் போடும் தம்பியிடம் பேசிவிட்டேன். நாளைக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். நோட்டில் இன்னும் எழுத இடம் இருக்கிறது, மருத்துவக் காப்பீட்டுக்குப் பதில் பாக்கி.