இயற்பியல், கணிதம் படித்தவர்களுக்கு வளிமண்டல அறிவியலில் ஒரு வழி

பி.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட்.டா, வங்கித் தேர்வா என்று யோசித்துக்கொண்டிருக்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு புவி, வளிமண்டல அறிவியலில் முதுநிலை என்று ஒரு படிப்பு இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அது ஜியாலஜி (நிலவியல்) படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று விட்டுவிடுகிறார்கள். நான் இயற்பியல் படித்துவிட்டு வானிலையியலுக்குப் போனவன். அதனால் சொல்கிறேன், வானத்துப் பக்கம் போக இயற்பியலும் கணிதமும்தான் வாசல்.

பாதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாறை, கனிமம், நிலத்தடி நீர் என்று போக விரும்பும் ஜியாலஜி மாணவர்களுக்கு, எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரே விடை தேர்ந்தெடுக்கும் பகுதியில் மட்டும்தான் தவறுக்கு மதிப்பெண் குறையும். எண்ணை நாமே கணக்கிட்டு எழுதும் பகுதியில் குறையாது, அதனால் அங்கே ஒன்றையும் காலியாக விடாதீர்கள். வானிலையியல் எம்.எஸ்சி.க்கு கொச்சியின் குசாட் (கொச்சி அறிவியல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம் இரண்டும் பழைய, நல்ல இடங்கள். பொறியியல் படித்தவர்கள் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) தாளில் வளிமண்டல, கடல் அறிவியல் பகுதியை எடுத்து அந்தப் பக்கம் போகலாம். துணைப்பாடமாக எது இருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டு விவரக்குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

சரி, உள்ளே போன பிறகு என்ன நடக்கும் என்பதுதான் முக்கியம். மேகம், புயல், பருவமழை என்று ஆசையோடு வருகிறவர்களை முதல் ஆண்டிலேயே மிரட்டுவது டைனமிக்ஸ் பாடம். சுழலும் பூமியின் மேல் காற்று எப்படி நகர்கிறது என்பதைச் சமன்பாடாக எழுதி, எந்த உறுப்பு பெரியது, எதைத் தள்ளிவிடலாம் என்று முடிவு செய்வதுதான் அதில் முழு வேலையும். பூமி சுழல்வதால் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் கொரியோலிஸ் விசையும் அழுத்தச் சரிவும் சமன்பட்டால் காற்று சமஅழுத்தக் கோட்டை ஒட்டியே ஏன் ஓடுகிறது என்பதைத் தாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும். வெக்டர் கால்குலஸ், பகுதி வகைக்கெழு, வெப்ப இயக்கவியலின் முதல் விதி, இந்த மூன்றையும் சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையில் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். வாசித்துப் புரிந்துகொண்டால் போதாது, கை ஓட வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், ஆங்கிலம் ஒரு செமஸ்டரில் பழகிவிடும், கணிதம் அப்படிப் பழகாது.

அப்புறம், பாடத்தை நம்ம ஊர் வானத்தோடு சேர்த்துப் படியுங்கள். காரைக்காலில் வானிலைத் துறை பலூன் விடுகிறது. அதில் கட்டிய ரேடியோசோண்ட் கருவி மேலே போகப் போக வெப்பநிலை, ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பும். அந்த விவரத்தை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். காலை 5.30 மணி விவரத்தை எடுத்து டெஃபிகிராம் என்ற, உயரம்தோறும் வெப்பநிலையும் ஈரமும் குறிக்கும் வரைபடத் தாளில் கையால் குறியுங்கள். தரைக் காற்றைக் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் குளிரவிட்டு மேலே கொண்டுபோங்கள், அது எந்த உயரத்தில் மேகமாகிறது, அதற்கு மேல் (அங்கிருந்து மெதுவாகத்தான் குளிரும்) சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் மொட்டைமாடியில் ஏறி, இடிமேகம் கட்டுகிறதா என்று ஒப்பிடுங்கள். காரைக்கால் கடலோரம், நாம் உள்ளே தள்ளி இருக்கிறோம், அதனால் பல நாள் பொருந்தாது. ஜூலை, ஆகஸ்டில் மேற்கிலிருந்து வரும் காற்றும் தொண்டிப் பக்கமிருந்து உள்ளே வரும் கடல்காற்றும் எங்கே முட்டுகின்றன என்பது காலை பலூனில் தெரியாது. ஏன் பொருந்தவில்லை என்று தேடும்போதுதான் பாடம் உள்ளே இறங்கும்.

மழையளவு எடுக்க ஆசைப்பட்டால் வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) பாத்திரம் வைக்காதீர்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவும் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும், அது குடிக்கப் பிடிக்கலாம், அளவாகாது. சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி, திறந்த இடத்தில் மழைமானி இருக்க வேண்டும்.

ஆய்வேட்டுக்கும் இதே வழிதான். எல்லோரும் எடுப்பது ஈரா5 என்ற ஐரோப்பியத் தரவு, பழைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்து உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தருவது. 1940 முதல் மணிக்கு மணி இருக்கிறது, இலவசம். ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், காரைக்குடியும் தேவகோட்டையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவு. காரைக்குடியில் கொட்டித் தீர்த்து தேவகோட்டையில் தூறல்கூட இல்லாத மாலைகள் நமக்குப் புதிதல்ல. அந்த வித்தியாசம் அந்தத் தரவில் தெரிய வாய்ப்பில்லை. இந்த இடைவெளியை ஒரு கேள்வியாக்கினால் நல்ல ஆய்வேடு கிடைக்கும். தரவைக் கையாள உதவும் பைத்தான் நிரல்மொழியும் லினக்ஸும் முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள், கடைசியில் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் படம் வரைவதிலேயே மாதங்களைத் தொலைக்கிறார்கள்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் பூமி, வளிமண்டலம், கடல், கோள் எல்லாம் ஒரே தாள். பாடத்திட்டத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் சி பகுதியில் 80 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அதனால் எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட வளிமண்டலத்தையும் கடலையும் ஆழமாகப் படியுங்கள். பி பகுதிக்காக மட்டும் ஜியாலஜி அடிப்படையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு கட்டும் செம்புறாங்கல்லே ஒரு பாடம்: சூடும் மழையும் மிகுந்த காலநிலையில் மற்றவை கரைந்துபோய் இரும்பும் அலுமினியமும் மிஞ்சி உருவானது அது.

வீட்டில் வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. வானிலைத் துறை, புனேயின் ஐ.ஐ.டி.எம். (வெப்பமண்டல வானிலை ஆய்வு), ஹைதராபாத்தின் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை), சென்னையின் என்.ஐ.ஓ.டி. (கடல் தொழில்நுட்பம்) என்று மத்திய நிறுவனங்கள் இருக்கின்றன, காற்றாலை, சூரியமின் நிறுவனங்களுக்கும் முன்கணிப்பு செய்ய ஆள் தேவைப்படுகிறது. ஆனால் முதுநிலையோடு நிறுத்தினால் இடங்கள் குறைவு, ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருப்பவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள். அதை முதலிலேயே வீட்டில் பேசிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம், ஜாம் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில், கடைசி ஆண்டு படித்துக்கொண்டே எழுதலாம்.